புதுவையும் திருவிருந்தின் பாத்திரமும்

திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் மேனாட்டுப் பொருள்கள். அவை மறைபணியாளருடன் கப்பலேறி வந்தவை. ஆகவே இம்மண்ணில் விளையும் உணவையும் பானத்தையும் அவற்றின் இடத்தில் வைப்பதே முறை என்றொரு கருத்து நம் இறையியல் வட்டங்களில் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. இளநீரும் பதநீரும் அரிசி அப்பமும் இவ்வகையில் எடுத்துக்காட்டப்படுகின்றன. இக்கருத்தின் பின்னால் உள்ள ஆர்வம் மதிக்கத்தக்கது. ஆயினும் அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் வரலாறு எவ்வளவு உறுதியானது என்பதை ஆராய்ந்தபின் முடிவு கூறுவதே நன்று.

அவ்வாறு ஆராய விரும்புவோருக்குத் தமிழகத்தில் புதுச்சேரியைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை எனலாம். திருவில்லிபுத்தூர், இராசபாளையம், கிருஷ்ணன்கோவில் வட்டாரத்திலிருந்து சுற்றுலாவாக அங்குச் செல்வோர் கடற்கரையையும் பிரெஞ்சுத் தெருக்களையும் கண்டு திரும்புவர். மதுவுக்குப் பெயர்பெற்ற ஊர் என்று நகைப்பாரும் உளர். அந்நகைப்புக்குள் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு அடங்கியுள்ளது. புதுவையும் அதன் சுற்றுப்புறமும் திருச்சபையின் பாத்திரத்தைப் பற்றி நமக்குக் கூறும் செய்தியை இக்கட்டுரை தொகுத்து உரைக்க முற்படுகின்றது.

1. யவனர் தந்த மது

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு அமைந்துள்ளது. தென்னைகளும் மாமரங்களும் சூழ்ந்த ஒரு மண்மேடு என்பதற்கு மேல் இன்று அங்குக் கண்ணுக்குப் புலப்படுவது சிறிதே. 1930களின் பிற்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அவ்விடத்துப் பழம்பொருள்களின் சிறப்பை உணர்த்தினார். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் அவ்விடத்திலிருந்து வந்த சாடித்துண்டைக் கண்டு வியந்தார். அது மத்தியதரைக் கடல் நாடுகளில் மது வைக்கப் பயன்பட்ட ஆம்போரா என்னும் சாடியின் துண்டு. 1945-இல் அவர் அரிக்கமேட்டில் அகழ்வாய்வு நடத்தினார். அதன்பின் 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரின் குழுவினரும் அங்கு ஆய்ந்தனர்.

இரு கைப்பிடிகளும் ஒடுங்கிய கழுத்தும் கூரிய அடியும் உடைய அச்சாடிகளிற் பல, ஏகேயக் கடலில் உள்ள கோஸ் தீவின் வடிவத்தைச் சார்ந்தவை என ஆய்வாளர் கண்டனர். இத்தாலிய நாட்டு அரெட்டைன் வகைச் செம்மட்கலங்களும் கிடைத்தன; அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரியவை. அக்காலத்தைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க வணிகக் கையேடு இக்கடற்கரைத் துறைகளுள் ஒன்றைப் பொதுகே என்று குறிப்பிடுகின்றது. அது இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து.

பாண்டி நாட்டார் இதனைச் சோழ மண்டலக் கடற்கரையின் செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது. வைகை கடலிற் கலக்கும் இடத்தை அடுத்த அழகன்குளத்திலும் ஆம்போராத் துண்டுகள் கிடைத்துள்ளன. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துமிடத்து, யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலை நாள்தோறும் அருந்தி மகிழ்வாயாக என்னும் பொருள்படப் பாடுகின்றார்.

இதனின்று நாம் அறிவது யாது? எருசலேமின் மேலறையில் ஆண்டவர் பாத்திரத்தை எடுத்து ஸ்தோத்திரம் செய்த அதே தலைமுறையில் தமிழகத் துறைமுகங்களில் மேனாட்டு மதுச்சாடிகள் இறங்கிக்கொண்டிருந்தன. திராட்சரசம் இந்நாட்டிற்கு நற்செய்தியின் பின்னே வந்த பொருளன்று. அது வணிகத்தின் வழியே வந்தது. மன்னரின் மாளிகைக்குச் சென்றது. மிளகும் மணியும் துணியும் அதற்கு விலையாயின. ஏழை உழவனும் மீனவனும் அதனைச் சுவைத்திருக்க வாய்ப்பில்லை. எனவே தொடக்கத்திலேயே அது அயல்நாட்டுப் பொருளாக மட்டுமன்றி, செல்வர்க்கே உரிய பொருளாகவும் இருந்தது. இவ்விரண்டாம் இயல்பையே நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

2. மேட்டின்மேல் ஒரு குருமடம்

அரிக்கமேட்டில் இடிந்து நிற்கும் செங்கற் சுவர்களைக் கண்டு, அவை உரோமர் கட்டியவை என எண்ணுவோர் உண்டு. உண்மையில் அவை ஒரு குருமடத்தின் எச்சங்கள். பாரிசு அயல்நாட்டு மறைபணிச் சபையார் 1665-இல் சீயம் நாட்டின் அயூத்தியா நகரில் ஆசிய இளைஞருக்கான பொதுக் குருமடம் ஒன்றை நிறுவினர். 1767-இல் பர்மியர் அந்நகரை அழித்தனர். மாணவர் கம்போடியக் கடற்கரைப் பகுதிக்குப் பெயர்ந்தனர். அங்கும் 1769-இல் தாக்குதல் நேர்ந்தது. எஞ்சியோருடன் பிஞ்ஞோ தெ பெகேன் என்னும் குரு புதுவைக்கு வந்து, வீராம்பட்டினத்தை அடுத்த இம்மேட்டில் 1770-ஆம் ஆண்டளவில் குருமடத்தை மீண்டும் தொடங்கினார். அம்மேட்டின் பண்டைச் செங்கற்களே கட்டடத்திற்கு உதவின எனக் கருதப்படுகின்றது. 1780களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது; பின்னர் 1808-இல் பினாங்கில் அப்பணி புத்துயிர் பெற்றது.

தத்தம் நாட்டை இழந்த அம்மாணவர், யவனரின் மதுச்சாடிகள் புதைந்திருந்த மண்ணின்மேல், அதனை அறியாமலே நற்கருணைக்குப் பயிற்சி பெற்றனர். அவர்தம் காலடியில் இருந்த சாடி மன்னரின் விருந்துக்கு வந்தது. அவர்தம் பீடத்தில் இருந்த கிண்ணம் அகதிகளின் கையில் இருந்தது. சீர்திருத்தத் திருச்சபையின் வழிவந்த நாமும் அவ்விடத்தில் தலைவணங்கி நிற்கலாம்.

3. உலர்ந்த திராட்சையும் உதயம்பேரூரும்

உரோமரின் கடல்வணிகம் குன்றியபின் தென்னிந்தியத் திருச்சபைக்குத் திராட்சரசம் எங்கிருந்து கிடைத்தது? மலபாரின் தோமா கிறிஸ்தவர் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அச்சாற்றைப் பயன்படுத்தினர் என்று போர்த்துகீசியர் குறிப்புகள் கூறுகின்றன. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்னும் சொல் திராட்சையையே குறிக்கும். தமிழிலும் கொடிமுந்திரி என்பது திராட்சையின் பழம்பெயர். போர்த்துகீசியர் கொணர்ந்த வேறொரு மரத்தின் பருப்பு முந்திரி என்னும் பெயரைத் தமிழில் கைப்பற்றிக்கொண்டது.

1599-இல் கோவாவின் பேராயர் அலெய்க்சோ தெ மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம் இவ்வழக்கத்தை ஏற்கவில்லை. போர்த்துகல் நாட்டுத் திராட்சரசத்தையே பயன்படுத்தவேண்டும் என்று விதித்து, அதனை ஆண்டுதோறும் அனுப்பியருளுமாறு அந்நாட்டு மன்னரை வேண்டிக்கொண்டது. கிண்ணத்தின் தூய்மை என்னும் பெயரால் கிண்ணத்தின் சார்புநிலை நிலைநாட்டப்பட்டது. ஒரு திருச்சபை தன் ஆண்டவரின் விருந்தை நடத்துவதற்கு ஓர் அரசனின் கப்பலை எதிர்நோக்கியிருக்க வேண்டியதாயிற்று. திராட்சரசம் அந்நியமானது என்னும் இன்றைய மனக்குறையின் வேர் இத்தகைய ஆணைகளில் உள்ளது, திராட்சைக்கொடியில் இல்லை.

4. போர்தோவும் புதுவையும்

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் தோன்றியது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுவையில் குடியேறினார். அன்று முதல் பிரான்சிலிருந்து வந்த கப்பல்கள் பிற சரக்குகளுடன் மதுப் பீப்பாய்களையும் சுமந்து வந்தன. பிரெஞ்சு மதுவுக்கு உலகப் புகழ் தேடித்தந்த நகரங்களுள் தலையாயது போர்தோ.

கரோன் ஆறு பிறைபோல் வளையுமிடத்தில் அமைந்த அந்நகரைக் காண்போர், ஆற்றங்கரை நெடுகிலும் 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட மாளிகைகளின் வரிசையைக் கண்டு மகிழ்வர். 2007-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்த்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை திராட்சைத் தோட்டங்கள். கிழக்கே உள்ள செந்தெமிலியோன் என்னும் பழம்பதியில் பாறையைக் குடைந்தே ஒரு பெருந்திருக்கோயிலை இடைக்காலத்தவர் அமைத்தனர். அத்திருக்கோயிலையும் தோட்டங்களையும் ஒருங்கே கொண்ட அவ்வட்டாரம் 1999-இல் அதே பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் அம்மாளிகைகளைக் கட்டிய செல்வம் மதுவினால் மட்டும் வந்ததன்று. பிரான்சின் அடிமை வணிகத் துறைமுகங்களுள் போர்தோவும் ஒன்று. அந்நகரத்தார் அனுப்பிய கப்பல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கடல்கடத்தின. செந்தொமிங்கு முதலிய தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையும் காப்பியும் போர்தோ வழியாகவே ஐரோப்பாவுக்குப் பரவின. அந்நகர அருங்காட்சியகம் 2009-இல் இவ்வரலாற்றுக்கெனத் தனிக் கூடங்களைத் திறந்தது. நெடுங்காலம் பேசப்படாதிருந்த பாவத்தை ஒரு நகரம் தன் சுவர்களுக்குள்ளேயே காட்சிக்கு வைத்தது நமக்கும் ஒரு பாடமாகும்.

இக்கதையில் தமிழரின் கைகளும் உண்டு. புதுவையிலும் அதன் சுற்றூர்களிலும் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணியைப் பிரெஞ்சுக்காரர் கினே என்று அழைத்தனர். ஆப்பிரிக்கக் கடற்கரையில் அது பணத்தைப்போல் செல்லுபடியாயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணிகள் அங்கு அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் போர்தோ வணிகர் புதுவையின் நீலத் துணியைச் செனெகல் நாட்டுக்குக் கொண்டுசென்று பிசினுக்கு மாற்றினர். நம் நெசவாளர் அறியாமலே அவர்தம் நூலிழை மாந்தரை விற்கும் சந்தையிற் பிணைந்தது. புதுவைக்கு வந்த மதுவும் புதுவையை விட்டுச் சென்ற துணியும் ஒரே வணிகச் சக்கரத்தின் இரு ஆரங்கள். அக்கால ஆலயங்களின் பாத்திரமும் அச்சக்கரத்தின் வெளியே நின்றதாகக் கூற இயலாது.

5. சுவரும் பாத்திரமும்

புதுவை நகரம் அமைக்கப்பட்ட முறையே அதன் உள்ளத்தைக் காட்டுகின்றது. கடலையொட்டிய வெள்ளையர் பகுதியையும் மேற்கே தமிழர் பகுதியையும் பெரிய வாய்க்கால் பிரித்து நின்றது. அப்பிரிவினை ஆலயத்திற்குள்ளும் நுழைந்திருந்தது. துய்ப்ளேக்சின் துபாசியாகப் பணிபுரிந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில், 1745 அக்டோபர் மாதத்து நிகழ்ச்சி ஒன்று பதிவாகியுள்ளது. சம்பாக் கோவில் என மக்கள் அழைத்த ஏசுசபையார் ஆலயத்தின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள். மறுபுறம் ஐரோப்பியரும் பிற சாதிக் கிறிஸ்தவரும். தாங்களும் ஒரே மறையின் மக்களாயிருக்க இவ்வேறுபாடு ஏன் என்று ஒடுக்கப்பட்டோர் குருவிடம் முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதியார் வெகுண்டெழுந்தனர்.

முறையிட்டவர் யார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. மேலிடத்து ஆணையினால் தொடங்கிய சீர்திருத்தமன்று அது. விருந்தின் கடைக்கோடியில் நிறுத்தப்பட்டவர்களே திருவிருந்தின் பொருளை நினைவூட்டினர். மூன்றாண்டுகளுக்குப்பின், 1748-இல் ஆங்கிலேயரின் முற்றுகையின்போது, அதே ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு ஆட்சியினர் இடித்ததையும் அந்நாட்குறிப்பு வேதனையுடன் விவரிக்கின்றது. தன் உள்ளே நின்ற ஒரு சுவரை அரிதின் முயன்று நீக்கிய ஆலயம், தன் அண்டைவீட்டாரின் வழிபாட்டிடம் வீழ்த்தப்பட்டபோது எதிர்க்கவில்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கியபோது சம்பாக் கோவிலும் அழிந்தது. இன்று அங்கு நிற்கும் பேராலயம் 1791-இல் கட்டிமுடிக்கப்பட்டது.

இதனைக் கத்தோலிக்கரின் குறையென்று கூறி நாம் கைகழுவ முடியாது. தரங்கம்பாடி, தஞ்சை, வேப்பேரி ஆகிய புராட்டஸ்டண்டு சபைகளிலும் சாதிக்கேற்ற இருக்கைகள் இருந்தன. திருவிருந்தில் முந்துவோர், பிந்துவோர் என்ற வரிசை இருந்தது. 1820களில் புதிய மறைபணியாளர் சிலர் இதனை மாற்ற முயன்றபோது, நாம் இன்றும் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே அம்முயற்சியைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே நீங்கவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையில் பலர் சபையைவிட்டு விலகினர். ஒரே பாத்திரத்தில் பருகுவதைவிடப் பருகாதிருப்பதே மேல் என்று அவர்கள் கருதினர்.

அவர்கள் மறுத்தது அயல்நாட்டுத் திராட்சரசத்தையா? அன்று. சுதேசப் பானமொன்று அக்கிண்ணத்தில் இருந்திருப்பினும் அவர்கள் விலகியே இருப்பர். தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் பாத்திரத்தை அந்நியமாக்கியது அதில் ஊற்றப்பட்ட சாறு அன்று. அதனைச் சூழ்ந்து நின்ற சுவரே ஆகும்.

6. மலைக்கு அப்பால் விளையும் கனி

இப்போது நம் வட்டாரத்திற்குத் திரும்புவோம். கிருஷ்ணன்கோவிலிலிருந்து மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அம்மலைத்தொடர் 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மேகமலையின் மறுபுறத்தில் கம்பம் பள்ளத்தாக்கு உள்ளது. 1895-இல் முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் பாயும் அப்பள்ளத்தாக்கே தமிழகத்தின் திராட்சைக் களஞ்சியம். ஆண்டு முழுவதும் அங்கு அறுவடை நடைபெறும். அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவரே அதனைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்று வழிவழியாகக் கூறப்படுகின்றது.

போர்தோவின் பெயரும் அத்தோட்டங்களில் ஒலிக்கின்றது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து பரவிய பூச்சியும் பூஞ்சணமும் பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது, பிரெஞ்சுக் கொடிகளை அமெரிக்க வேர்களில் ஒட்டவைத்தே அவற்றைக் காத்தனர். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்ததையும், அக்கொடிகளில் மட்டும் நோய் குறைந்திருந்ததையும் போர்தோப் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். 1885-இல் அவர் வெளியிட்ட அம்மருந்தே, தமிழக உழவர் அனைவரும் அறிந்த போர்டோக் கலவை. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் பவுல் ஒட்டுமரத்தைக் கொண்டு விளக்கிய உண்மையைத் திராட்சைக்கொடியின் வரலாறும் உறுதிப்படுத்துகின்றது. வந்த கொடி நின்ற வேரினால் வாழ்கின்றது. தூய்மையான சுதேசக் கொடியும் இல்லை. முற்றிலும் அந்நியமான கொடியும் இல்லை.

புளியாத சாற்றை நம் சபைகள் பல விரும்புவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1860களில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் மது கெடுவதன் காரணத்தை ஆராய்ந்து, அதனை மிதமாகச் சூடாக்கிக் காக்கும் முறையைக் கண்டார். 1869-இல் அமெரிக்க மெதடிஸ்டு சபையினரான தாமஸ் வெல்ச் அம்முறையைத் திராட்சைச் சாற்றுக்குப் பயன்படுத்தித் திருவிருந்துக்கென மயக்கம் தராத பானத்தைச் செய்தார். கள்ளினால் குடும்பங்கள் சிதைவதைக் கண்ணாரக் கண்ட தமிழகச் சபைகளுக்கு அது ஏற்புடையதாயிற்று. உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழியும் வழக்கமும் நம்மிடையே உண்டு; உதயம்பேரூரில் கண்டிக்கப்பட்ட கைமுறை நம் ஆலயச் சமையலறைகளில் ஆரவாரமின்றித் தொடர்கின்றது.

ஆகவே பாத்திரத்தில் ஊற்றுவது எந்நாட்டுப் பொருள் என்னும் வினாவுக்கு விடை எளிது: அது மலைக்கு அப்பால் விளைகின்றது. கடினமான வினாக்கள் வேறு. அத்தோட்டத்தில் மருந்து தெளிக்கும் கூலியாளுக்கும் கனி கொய்யும் பெண்ணுக்கும் உரிய கூலி கிடைக்கின்றதா? அவர்கள் நம் பந்தியில் எவ்விடத்தில் அமர்கின்றனர்? நம் ஊரில் ஒரே ஆண்டவரின் பெயரால் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் உள்ளனவா? கொரிந்து ஒரு பெரிய வணிக நகரம். அங்குக் குறைவற்ற மது இருந்தது. அச்சபையைப் பவுல் கண்டித்தது மதுவின் வகையைக் குறித்தன்று. உடையவர் முந்தி உண்டு வெறிக்க, இல்லாதவர் பசித்திருக்க, அவ்விருந்து கர்த்தருடைய விருந்தே அன்று என்று அவர் தீர்த்துரைத்தார்.

திருவிருந்தை இம்மண்ணுக்கு உரியதாக்க விழையும் அருட்பணியாளரும் இறையியல் மாணவரும் ஒருமுறை புதுவைக்குச் செல்வது நலம். அருங்காட்சியகத்தில் யவனரின் மதுச்சாடியையும், அரிக்கமேட்டில் அகதி மாணவரின் குருமடத்தையும், நகரைப் பிரித்த வாய்க்காலையும், சுவர் இடிந்த ஆலயம் இருந்த இடத்தையும் ஒரே நாளில் காணலாம். இளநீரா, திராட்சரசமா என்னும் விவாதம் அதன்பின்னும் தொடரலாம்; தொடர்வதில் தவறில்லை. ஆனால் 1745-இல் புதுவையின் ஒடுக்கப்பட்ட மக்கள் தம் குருவிடம் கேட்ட கேள்விக்கு நம் சபைகள் விடை கூறியபின்பே அவ்விவாதத்திற்குப் பொருள் உண்டாகும்.